பிரஷர் குறையவில்லையா? அதிமதுர டப்பாவைப் பாருங்கள்

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், பிரஷருக்கு வருபவர்கள் பெரும்பாலும் "இல்லீங்க டாக்டர்" என்பார்கள். "பொடி, லேகியம், கஷாயம், சத்து மாத்திரை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான், "அது மருந்தில்லீங்களே, உடம்புக்கு நல்லதுன்னு..." என்று இழுப்பார்கள்.

ஒரு பள்ளி ஆசிரியை. இரண்டு மாத்திரை போட்டும் பிரஷர் 160/100-க்குக் கீழே இறங்கவில்லை. உப்பைக் குறைத்தாயிற்று. கால் லேசாக வீங்கியிருந்தது. மாடிப்படி ஏறினால் தொடை துவள்கிறது என்றார். ரத்தத்தில் பொட்டாசியம் 2.9, குறைந்தது 3.5 இருக்க வேண்டும். துருவிக் கேட்டதும் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே அதிமதுரக் குச்சிகள். வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டுகிறதாம். பகலெல்லாம் வாயில் ஒன்று, ராத்திரி பாலில் அதே பொடி.

அதிமதுரத்துக்கு இனிப்பைத் தருவது கிளிசிரைசின். நம் உடம்பில் இயல்பாகச் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கும் வேலையில் தலையிடாதபடி ஒரு நொதி அதைச் செயலிழக்கச் செய்கிறது. கிளிசிரைசின் அந்த நொதியை முடக்கிவிடும். பிறகென்ன, உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போகும், பிரஷர் ஏறும். நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் பொட்டாசியம் இன்னும் சரியும். இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்பது ஐரோப்பிய நிபுணர்களின் பரிந்துரை. வேருக்கு வேர் அளவு மாறுவதால், சில கிராம் பொடியிலேயே அது தாண்டிவிடலாம். இருமலுக்கு நாலு நாள் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிரஷர், இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதுவும் வேண்டாம்.

அதிமதுரம் மட்டுமல்ல, நுரைத்துக் கரையும் வைட்டமின் மாத்திரைகள் பலவற்றிலும் பிரஷரை ஏற்றும் சோடியம் கணிசமாக இருக்கிறது. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், விலைதான் கூடுதல். 'சோடியம் குறைந்த உப்பு' வேறு கதை: அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, அதுவும் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடலாம். பூண்டு கேப்ஸ்யூல் பிரஷரைக் கொஞ்சம் குறைக்கலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தி, பக்கவாதத்தோடு வந்தவர்களும் உண்டு.

அதிமதுரத்தை விட்டாலும் அதன் வேலை ஓரிரு வாரம் நீடிக்கும். அதுவரை மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். பொட்டாசியத்தை மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்வோம். அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் பொடி, டப்பா, பாட்டில் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.