அறுபதடிக் கம்பு ஏன் ஆடுகிறது?

முருங்கைக்காய் பறிக்கத் தொரட்டி பிடித்தவர்களுக்கு இது கை அறிந்த விஷயம். பத்தடித் தொரட்டியை எந்தக் கிளைக்கும் சுலபமாகத் திருப்பலாம். அதோடு இன்னொரு கம்பைக் கட்டி இருபதடி ஆக்கினால் கொக்கி தடுமாறும். ஒரு காயைக் குறிவைத்தால் பக்கத்துக் கிளையில் போய் மாட்டும். எடை கூடியது இரண்டு மடங்குதான். ஆட்டம் மட்டும் ஏன் அவ்வளவு கூடுகிறது?

மதுரை பைபாஸ் ரோட்டில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் கண்ணாடிகளைக் கழுவுவதை ஒரு காலைப்பொழுது முழுக்க நின்று பார்த்தேன். சாரம் கிடையாது, கயிறு கிடையாது. இரண்டு பேர் தரையில் நிற்கிறார்கள். கையில் இருப்பது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் குழாய்களால் ஆன கம்பு. உள்ளே மெல்லிய ஹோஸ், உச்சியில் பிரஷ். தண்ணீர் மேலே ஏறி பிரஷ் வழியாகக் கொட்டுகிறது. தேய்த்து அலசிவிட்டு, துடைக்காமலே அடுத்த கண்ணாடிக்குப் போகிறார்கள். காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு உயரத்தில் வேலை செய்ய ஒரு வழி இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஆனால் கம்பைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால், அந்த ஆளின் தோளும் இடுப்பும் அதற்கு விலை கொடுக்கும்.

தொரட்டிக் கேள்விக்கு வருவோம். ஒரு முனையில் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டிய சீரான கம்பு, தன் எடையாலேயே எவ்வளவு தொங்கும் என்பது நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நீளம் இரண்டு மடங்கானால் தொங்கல் பதினாறு மடங்கு. நுனியில் உள்ள பிரஷ்ஷின் எடையால் வரும் தொங்கல் எட்டு மடங்கு. ஆட்டத்தின் வேகமோ நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் நீளக் கம்பில் கை நகர்ந்து ஒரு நொடி கழித்து பிரஷ் நகர்கிறது. நிறுத்தினாலும் நிற்காமல் தாண்டிப் போகிறது. நாற்பதடிக் கம்பு நன்றாக இருந்ததே என்று அதே ரகத்தில் அறுபதடி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இதற்கு மூங்கில் ஒரு விடை வைத்திருக்கிறது: உள்ளே வெற்றிடம். மெல்லிய சுவருள்ள குழாயின் சுவரை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் வலு, இரண்டு மடங்கு, எடையும் இரண்டு மடங்கு. சுவரை அப்படியே விட்டு விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்குதான், விறைப்போ எட்டு மடங்கு. ஆனால் அடிக்குழாயை நாம் கையில் பிடிக்க வேண்டுமே! உள்ளங்கைக்குள் அடங்காத கம்பை நாள் முழுக்கப் பிடிக்க முடியாது. விட்டத்தைக் கூட்ட முடியாத இடத்தில் பொருளைத்தான் மாற்ற வேண்டும்.

கண்ணாடி இழைக் கம்பு மலிவு. இரண்டு மாடி வரைக்கும் அதுவே போதும் என்பேன். அதே அளவுள்ள குழாயைக் கார்பன் இழையில் செய்தால் விறைப்பு சுமார் மூன்று மடங்கு, எடையோ குறைவு. நாற்பதடிக்கு மேல் கார்பனை விட்டால் வேறு வழியில்லை. ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரத்தில் போடுகிற 'எட்டும் உயரம்' சில சமயம் கம்பின் நீளம் அல்ல. பிடிக்கிற ஆளின் உயரத்தையும் அதில் சேர்த்திருப்பார்கள். பிரஷ்ஷையும் எடை பார்த்துத்தான் வாங்க வேண்டும். நுனியில் கூடும் நூறு கிராமைத் தோள் உணரும்.

ஹோஸில் நிற்கும் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. உள்விட்டம் 5 மில்லிமீட்டர் என்றால் 18 மீட்டருக்கும் சேர்த்து சுமார் 350 கிராம்தான். அவ்வளவு உயரம் ஏற்றுவதற்கே பம்ப் 1.8 பார் அழுத்தம் தர வேண்டும். ஹோஸின் உரசலுக்கும் பிரஷ்ஷில் பீய்ச்சுவதற்கும் அதற்கு மேல் வேண்டும்.

தோளைக் காப்பது கம்பின் சாய்வு. பிரஷ்ஷோடு 4 கிலோ எடையும், எடையின் மையம் அடியிலிருந்து 7 மீட்டரிலும் உள்ள கம்பை எடுத்துக்கொள்வோம். அதை முழுதாக நீட்டித் தரையில் படுக்கப்போட்டு ஒரு முனையிலிருந்து தூக்க முயன்றால், ஒரு மீட்டர் தள்ளி 28 கிலோவைத் தாங்குகிற திருகு விசை வேண்டும். தரையோடு 75 டிகிரியில் நிமிர்ந்து நின்றால் அது 7 கிலோவாகிவிடும். அதனால்தான் அந்த இரண்டு பேரும் கம்பைச் சுவரில் சாய்த்து நிமிர்த்திய பிறகே நீட்டினார்கள். முதலில் மெல்லிய நுனிக்குழாயை இழுத்து கிளாம்ப்பை அழுத்திப் பூட்டி, அப்புறம் அடுத்தது. தடித்ததை முதலில் இழுத்தால் மீதிக் கிளாம்ப்புகள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

"அண்ணே, முழுசா இழுக்கவா?" என்றார் இளையவர்.

"வேணாம்டா தம்பி. மூணாவது மாடிக்கு நாப்பது போதும். அடிக்குழாயக் கழட்டி ஓரமா வச்சிரு."

என் கட்சியும் இதுதான். தினமும் எந்த உயரத்தில் வேலையோ அதற்குத் தகுந்த கம்பை வாங்க வேண்டும். என்றோ ஒருநாள் வரும் அறுபதடிக்குக் கூடுதல் குழாய்கள் தனியாக இருக்கட்டும்.

துடைக்காமல் விட முடிவது தண்ணீரின் தயவு. நம் வீட்டு போர் தண்ணீர் காய்ந்த வாளியில் வெள்ளை படிந்திருக்குமே, அதே உப்புதான் கண்ணாடியிலும் திட்டாகும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 1000 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் ஆவியானால் ஒரு கிராம் உப்பு மிஞ்சும். குடிநீருக்கான இந்தியத் தர அளவே 500. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. குடிக்க நல்ல தண்ணீரும் கண்ணாடிக்கு ஆகாது. ஆர்.ஓ.வில் பெரும்பகுதி உப்பை நீக்கி, மிச்சத்தை அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் வழியாக எடுத்து, மீட்டரில் 10-க்குக் கீழே வந்த பிறகே மேலே ஏற்றுகிறார்கள்.

கடைசியாக மின்கம்பி. கார்பன் இழை மின்சாரம் கடத்தும். தெருவில் போகிற 11,000 வோல்ட் கம்பிக்குப் பெரும்பாலும் மேலுறை கிடையாது. கண்ணாடி இழை கடத்தாது என்று தைரியப்படவும் கூடாது. அழுக்குக் கண்ணாடியில் பட்டுக் கம்பின் மேல் வழியும் தண்ணீர் சுத்தத் தண்ணீர் அல்ல; அது மின்சாரம் கடத்தும். அறுபதடிக் கம்பு கை நழுவினால் அறுபதடி தூரத்துக்கு விழும். அந்த வட்டத்துக்குள் மின்கம்பி இருந்தால், அந்தப் பக்கம் கம்பைத் தூக்கவே கூடாது.

அன்றைக்குப் பத்து மணி வாக்கில் காற்று எழுந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கம்பின் மேல் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. மூத்தவர் உச்சியைப் பார்த்தார். பிரஷ் கண்ணாடியை விட்டு ஒரு முழம் விலகி வந்து மறுபடி மோதியது. அடியிலிருந்து ஒவ்வொரு கிளாம்ப்பாகத் திறந்து குழாய்களை உள்ளே இறக்க ஆரம்பித்தார். மேல் வரிசையில் இன்னும் நாலு ஜன்னல் பாக்கி இருந்தது.