பழைய சக்கா, புதிய சக்கா? முதலில் பிடிப்பைப் பாருங்கள்

லேத்துக்கு (கடைசல் இயந்திரத்துக்கு) ஜாபை, அதாவது கடைய வேண்டிய பொருளை, பிடித்துச் சுற்றும் சக் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் "எவ்வளவு அவுட் இருக்கும்?", அதாவது மையம் விலகி எவ்வளவு ஆடும் என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் நாலாவதோ ஐந்தாவதோ வர வேண்டியது. தரமான புது ட்ரூ சக்கே, அதாவது ஜாபைக் கவ்வும் மூணு ஜாவும் (தாடையும்) ஒன்றாக நகரும் சக்கே, சாதாரணமாக 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஆடும். அது குறையில்லை. ஒரு ஜாபின் வெளி விட்டம், போர் (உள் ஓட்டை), ஃபேஸ் (முன் முகம்) மூன்றையும் கழற்றாமல் ஒரே பிடியில் முடித்துவிட்டால் சக்கின் ஆட்டம் ஜாபில் ஏறாது, ஏனென்றால் எல்லாமே ஸ்பிண்டிலின், அதாவது சக்கைச் சுழற்றும் தண்டின், மையத்தில்தான் கடையப்படுகிறது. திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தால் டாக் சக்கில் (ஒவ்வொரு ஜாவும் தனியாக நகரும் சக்) டயல் (ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்து மையம் பார்க்கலாம், அல்லது சாஃப்ட் ஜா (கடைந்துகொள்ளக்கூடிய மென்மையான ஜா) போட்டு அந்த அளவுக்கே போர் செய்துகொள்ளலாம். ஆட்டத்துக்கு இப்படி வழிகள் உண்டு. பிடிப்பு இல்லாத சக்குக்கு வழியே கிடையாது. நல்ல வேகத்தில் சுற்றும் ஜாப் ஜாவை விட்டு வெளியேறினால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சக்கைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஸ்பிண்டில் மூக்கை (சக் மாட்டும் முனையை) பாருங்கள். திருகும் வகையா, கேம்லாக்கா (பின்களைக் கேம் திருப்பிப் பூட்டுவது), எல் டேப்பரா (கூம்பில் உட்கார்ந்து வளைய நட்டால் இறுகுவது), போல்ட் போடுவதா என்று தெரியாமல் விலை பேச உட்காரவே கூடாது. கேம்லாக்கிலும் அளவு மாறும்: டி1-4 என்றால் டேப்பரின் பெரிய முனை சுமார் 63.5 மி.மீ., மூன்று பின். டி1-5 என்றால் 82.6 மி.மீ., ஆறு பின். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒன்று மற்றதில் உட்காராது. திருகு வகை ஸ்பிண்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரிவர்ஸில் கனமாக வெட்டினால் சக் தானாகக் கழன்று வரலாம். மோட்டாருக்கு டிரைவ் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) போட்டு சட்டென்று பிரேக் ஆகும்படி வைத்திருந்தாலும் அதே கதைதான்: ஸ்பிண்டில் நின்றுவிடும், கனமான சக் நிற்காமல் திருகைக் கழற்றிக்கொண்டு போகும். கனமான சக் மாட்டுகிறவர்கள் நிறுத்தும் நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

அடுத்தது அளவு. பெரிய சக் வாங்கினால் பெரிய ஜாபும் பிடிக்கலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பெரிய சக் ஸ்பிண்டில் பேரிங்குக்குச் சுமை, பிரேக்குக்குச் சுமை, தூக்கி மாட்டுகிறவர் முதுகுக்கும் சுமை. 200 மி.மீ. சக்கே 15 கிலோவை ஒட்டி வரும். அதோடு ஜாவை வெளியே தள்ளும்போது பெட்டிலோ (லேத்தின் அடித்தளம்) கேரேஜிலோ (டூலைச் சுமந்து நகரும் பாகம்) இடிக்காத இடம் வேண்டும். ஜா சக்கின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றால், ஸ்க்ரோலில் (ஜாக்களை நகர்த்தும் சுருள் பல் தட்டில்) அதன் பற்கள் ஒன்றிரண்டுதான் மாட்டியிருக்கும். அந்த நிலையில் கனமாக வெட்டினால் பல் உடையும், ஜா பறக்கும். பிடிக்க வேண்டிய ஜாப் அந்த அளவுக்குப் பெரிதென்றால் ஜா செட்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஃபேஸ் பிளேட்டுக்கு (ஜாபை போல்டால் இறுக்கும் தட்டு) போங்கள்.

வேகத்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. சக்கின் உடம்பு காஸ்ட் அயர்னா ஸ்டீலா என்பதைப் பொறுத்து அது தாங்கும் உச்ச வேகம் மாறும். நல்ல தயாரிப்புகளில் அந்த ஆர்பிஎம் உடம்பிலேயே பொறித்திருக்கும். லேத்தின் கியர் பாக்ஸில் அதைவிடப் பெரிய எண் இருக்கலாம். அதற்காகச் சக் அந்த வேகத்தைத் தாங்கிவிடாது. இன்னொன்று, சுற்றும்போது ஜாக்கள் வெளிப்பக்கமாக விலகப் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த விலக்கும் விசை நாலு மடங்கு. நிற்கும்போது இறுக்கமாகத் தெரிந்த பிடி, ஓடும்போது அப்படியே இருக்காது. (போருக்குள் ஜாவை விரித்துப் பிடிக்கும்போது கதை தலைகீழ், பிடி கூடும். மெல்லிய வளையமாக இருந்தால் அதுவே ஜாபை விரித்துக் கெடுக்கும்.) பழைய காஸ்ட் அயர்ன் சக்கில் வேகம் எழுதியிருக்கவில்லை என்றால் அதை மெதுவான வேலைக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

சரி, பழையது வாங்குவதற்கு வருவோம். புதுப் பெயின்ட் அடித்த பழைய சக்கைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். பெயின்ட் அடிக்கத் தேவையில்லாத பொருள் அது. ஜாக்களைக் கழற்றிவிட்டு, ஜா ஓடும் பள்ளத்தின் மூலைகளைத் துடைத்துப் பாருங்கள். விரிசல் விடுவது அங்கேதான். சின்னச் சுத்தியால் உடம்பைத் தட்டினால் கணீரென்று வர வேண்டும். மொத்தென்று வந்தால் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். எங்காவது வெல்டிங்கோ பித்தளைப் பற்றோ தெரிந்தால் அதோடு விட்டுவிடலாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. கீ (சக்கை இறுக்கும் சாவி) நுழையும் சதுர ஓட்டை உருண்டு போயிருக்கிறதா? அப்படியென்றால் கீயில் பைப் மாட்டி முறுக்கியிருக்கிறார்கள். பினியன் (கீ சுற்றும் சின்னப் பல் சக்கரம்) மட்டும் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பைப் ஜா பள்ளத்தையும் இளக்கியிருக்கும்.

ஜாவில் 1, 2, 3 என்று எண் இருக்கும், பள்ளத்திலும் இருக்கும். அதோடு சீரியல் எண்ணும் பல சக்குகளில் உண்டு. மூன்றும் ஒரே செட்டா என்று பாருங்கள். வேறு சக்கின் ஜா ஸ்க்ரோலில் ஏறினாலும் மையம் வராது. ட்ரூ சக்கை ஒரே செட் ஜாவோடு கொடுத்துவிட்டு "திருப்பிப் போட்டுக்கலாம்" என்று சொல்வார்கள். டாக் சக்கில்தான் ஜாவைத் திருப்பிப் போட முடியும். ஸ்க்ரோல் சக்கின் ஒரே துண்டு ஜா அப்படித் திரும்பாது, பல்லின் வளைவு எதிராக இருக்கும். இரண்டு துண்டாக, மேல் பாகம் போல்டில் கழல்கிற ஜா என்றால் திருப்பலாம்.

பிடிப்பைச் சோதிக்க ஒரு துண்டு கிரைண்டிங் செய்த ராடு போதும். சக்கில் வைத்து இறுக்குங்கள். ஜாவின் முன் வாயில், ராடுக்கும் ஜாவுக்கும் நடுவே 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் ஜா வாய் அகன்றுவிட்டது, ராடைப் பின்பக்க விளிம்பு மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையால் பிடித்து இழுத்தால் அசையாது. டூல் அழுத்தம் கொடுத்தால் ஜாப் நெளியும், சத்தம் போடும், ஒரு கட்டத்தில் வெளியே வரும். டயல் வைத்துப் பார்ப்பவர்களும் ஜாவுக்கு ஒட்டியே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். 100 மி.மீ. தள்ளியும் வையுங்கள். அப்புறம் ஒரே விட்டத்தில் நிறுத்தாமல் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ராடில் பாருங்கள். பல வருடம் ஒரே அளவு பாரைப் பிடித்த சக்கில் அந்த இடத்து ஸ்க்ரோல் மட்டும் தேய்ந்திருக்கும். கீயைச் சுற்றும்போதே ஓரிடத்தில் லூஸ், ஓரிடத்தில் டைட் என்று கை சொல்லிவிடும்.

வாய் அகன்ற ஜாவை, ஒரு வளையத்தைக் கவ்வ வைத்து, டூல் போஸ்ட் கிரைண்டரால் (டூல் இருக்கும் இடத்தில் மாட்டும் கிரைண்டர்) நேராக்க முடியும். ஸ்க்ரோல் நன்றாக இருந்தால் செய்யலாம். ஸ்க்ரோலே தேய்ந்திருந்தால் நீங்கள் கிரைண்ட் செய்த அந்த விட்டத்தில் மட்டும் சரியாக வரும், மற்ற அளவுகளில் பழைய குணம் அப்படியே.

இதனால்தான் பழையது வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் டாக் சக்கைச் சொல்வேன். அதில் ஸ்க்ரோல் இல்லை, ஒவ்வொரு ஜாவுக்கும் தனி ஸ்க்ரூ. கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் மையம் டயலிலும் உங்கள் பொறுமையிலும்தான் இருக்கிறது. பிடிப்பும் பலம். ட்ரூ சக்கைப் புதிதாக வாங்குங்கள், டாக் சக்கைப் பழையதாக வாங்குங்கள் என்பது என் கணக்கு. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் டாக் சக்தான். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், பழகிவிடும்.

புதிதுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியிலிருந்து எடுத்ததும் துருப்பிடிக்காமல் பூசிய பசையைக் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டு ஜாவை முழுக்க ஓட்டிப் பாருங்கள். பேக் பிளேட்டோடு (சக்குக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே வரும் தட்டு) மாட்டும் வகை என்றால், அந்தப் பிளேட்டின் கடைசி வெட்டு உங்கள் ஸ்பிண்டிலிலேயே வைத்துக் கடையப்பட வேண்டும். வேறு லேத்தில் கடைந்து கொண்டுவந்தால் அந்த லேத்தின் பிழையும் கூடவே வரும். சில தயாரிப்பாளர்கள் மூன்று கீ ஓட்டைகளில் நல்ல மையம் தரும் ஒன்றுக்கு அடையாளம் போட்டிருப்பார்கள். கடைசி இறுக்கத்தை அதில் கொடுங்கள்.

மாட்டும்போது பெட்டின் மேல் ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள், கை நழுவினால் பெட்டும் விரலும் தப்பும். டேப்பரிலும் ஃபேஸிலும் ஒரு துளிப் பிசிறுகூட இருக்கக் கூடாது. கேம்லாக்கில் இறுக்கியபின் ஒவ்வொரு கேமின் கோடும் 3 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். அதைத் தாண்டினால் பின்னின் உயரம் சரியில்லை, ஒரு சுற்று திருகிச் சரிசெய்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். ஓட்டிப் பார்க்கும் முதல் தடவை குறைந்த வேகத்தில், சக்குக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஸ்விட்சைப் போடுங்கள். பழைய சக்கோடு கீ வரவில்லை என்றால் ஓட்டைக்குச் சரியான அளவில் ஸ்பிரிங் வைத்த கீயாக வாங்குங்கள். கையை எடுத்ததும் அது தானே வெளியே தள்ளிக்கொண்டு விழும், மறந்துபோய் லேத்தை ஓட்ட முடியாது.