வலிக்கவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று யார் சொன்னது?

கல் சேகரிக்கப் போன இன்னொரு பையன், கண்ணுக்குள் இரும்புச் சில்லோடு கண் மருத்துவரான என்னிடம் வந்து சேர்ந்தான். விடுமுறை தொடங்கினாலே இப்படி யாராவது வந்துவிடுகிறார்கள். பிள்ளைகளைக் கல் சேகரிக்கக் கூட்டிப் போனவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அக்கறையானவர்கள்தான். அவர்களுடைய திட்டத்தாளையும் வாங்கிப் பார்த்தேன். தண்ணீர், தொப்பி, முதலுதவிப் பெட்டி, வழி தவறினால் யாரைக் கூப்பிடுவது, மழை வந்தால் எந்த விளையாட்டு என எல்லாம் எழுதியிருந்தார்கள். சுத்தியல், உளி எத்தனை என்றுகூட இருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி பற்றி ஒரு வரி இல்லை.

கல்லை அடித்தால் சில்லு பறக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கண்ணைத் துளைத்து உள்ளே போவது பெரும்பாலும் கல் சில்லு அல்ல, சுத்தியலிலிருந்தோ உளியிலிருந்தோ பெயர்ந்த இரும்பு. வீட்டில் ஆணி அடிக்கும் சுத்தியல் ஆணி அடிக்கத்தான். பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் சுத்தியலே வேறு. அதைக்கூட இன்னொரு சுத்தியலால் அடிக்கக் கூடாது. தலை நசுங்கி ஓரம் விரிந்துபோன உளியை எந்தப் பிள்ளையின் கையிலும் கொடுக்காதீர்கள். அந்த ஓரம்தான் முதலில் தெறிக்கும்.

சரி, என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். "வலிக்கவில்லை என்றான், ரத்தமும் வரவில்லை, பார்வையும் நன்றாகத்தான் இருந்தது, அதனால் விட்டுவிட்டோம்." இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வேகமாக வரும் சிறு சில்லு போடும் ஓட்டை மிகச் சிறியது, உள்ளே நுழைந்ததும் அது தானாகவே மூடிக்கொண்டுவிடலாம். வெள்ளை விழியில் ஒரு சிவப்புப் புள்ளிதான் வெளியே தெரியும். அந்த நொடியில் சுருக்கென்று இருக்கும், அப்புறம் அடங்கிவிடும். கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற பகுதிக்கும் விழித்திரைக்கும் வலி தெரியாது. சில்லு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டால், பிள்ளை எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்துவிடுவான். நீங்களும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள்.

உள்ளே இருக்கும் சில்லு சும்மா இருக்காது. அதோடு மண்ணில் வாழும் பேசில்லஸ் வகைக் கிருமியும் போயிருந்தால் ஓரிரு நாளிலேயே கண் போய்விடலாம். கிருமி இல்லாமல் தப்பித்தாலும், இரும்பு மெல்லக் கரைந்து கண் முழுக்கப் பரவும். மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து இருட்டில் பார்வை மங்கும், லென்ஸில் புரை விழும், கண்மணியைச் சுற்றியுள்ள வண்ணப் பகுதி துரு நிறத்துக்கு மாறும். சிடரோசிஸ் என்கிறோம். அப்போது வந்து "எப்போது அடிபட்டது?" என்று நாங்கள் கேட்டால், வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. வலி என்பது கண்ணின் மேற்பரப்பு சொல்லும் செய்தி, உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. சாதாரணத் தூசி விழுந்தால் பிள்ளை துடிக்கிறான், சில்லு உள்ளே போனவன் அமைதியாக விளையாடப் போகிறான். எனக்கு அந்த அமைதியான பிள்ளையைப் பற்றித்தான் கவலை.

இன்னொன்றும் உண்டு. திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் மறைப்பார்கள். ஆகவே சுத்தியல் சத்தம் ஓய்ந்ததும் "யாருக்காவது கண்ணில் ஏதாவது பட்டதா? பட்டிருந்தால் திட்ட மாட்டேன்" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். "ஏதோ பட்ட மாதிரி இருந்தது" என்று ஒருவன் சொன்னாலே போதும், அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"அவன்தான் பவர் கண்ணாடி போட்டிருக்கிறானே" என்பதும் வேண்டாம். அது பார்வைக்கு. பக்கவாட்டில் திறந்து கிடக்கும், லென்ஸே உடைந்து கண்ணில் குத்தவும் கூடும். வாங்க வேண்டியது பக்கம் மூடிய பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி. சட்டத்தில் 'இசட்87+' (Z87+) அல்லது 'இஎன் 166' (EN 166) என்ற தரக் குறி பொறித்திருக்கிறதா பாருங்கள். பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டக்கூடியவையும் கிடைக்கின்றன. எத்தனை பிள்ளைகளோ அத்தனை கண்ணாடி, சுத்தியலுக்கு ஒன்று என்ற கணக்கு உதவாது. அடிப்பவனைவிடப் பக்கத்தில் குனிந்து பார்ப்பவனுக்கும் ஆபத்து குறைவில்லை. பெரியவர்களும் மாட்டிக்கொள்ளுங்கள், ஐயா. நீங்கள் மாட்டாவிட்டால் அவர்கள் கழற்றிவிடுவார்கள்.

ஓட்ட விளையாட்டுகளை எல்லாம் முதலில் முடித்துவிடுங்கள். ஒரு பக்கம் சுத்தியல், இன்னொரு பக்கம் ஓடிப் பிடிப்பது என்று ஒரே நேரத்தில் நடத்தவே கூடாது. 'யார் கல்லை அதிகத் தூரம் எறிவது' என்ற போட்டியை யாராவது யோசனையாகச் சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகளுக்கு உடைக்கும் வேலையே தேவையில்லை. ஏற்கெனவே உடைந்து கிடக்கும் கற்களே போதும், விளையாட்டும் அவற்றிலேயே இருக்கிறது. கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். 1812-இல் கனிமவியலாளர் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் நகம் சுமார் 2.5, கால்சைட் 3, எஃகுக் கத்தி 5.5 அளவில், குவார்ட்ஸ் 7. எந்தக் கல் எதைக் கீறுகிறது என்று இரண்டு அணிகள் மோதினால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரசினால் ஹெமடைட் செம்பழுப்பாகக் கோடு போடும், தங்கம் போல் மின்னும் பைரைட் கறுப்பாகப் போடும். அந்த ஏமாற்றத்தைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். காந்தத்தில் ஒட்டினால் மேக்னடைட்டாக இருக்கலாம். சுண்ணாம்புக் கல்லில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். அதற்கும் கண்ணாடி மாட்ட வேண்டும், வினிகரைவிட வலுவான அமிலத்தை ஒருபோதும் கொண்டுவர வேண்டாம். யாராவது ஒருவன் கல்லை நக்கிப் பார்ப்பான், நஞ்சான ஈயத்தின் தாது கலீனாவும் பளபளப்பாகத்தான் இருக்கும் என்று சொல்லிவையுங்கள். எல்லாரும் கை கழுவிவிட்டுச் சாப்பிடட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சில்லு பட்டுவிட்டால்? தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. பெட்டியில் இருக்கிறதே என்று சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள். மண், தூசி, வினிகர் என்றால் சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவலாம். சுத்தியல் அடியில் பறந்த சில்லு என்றால் கழுவவும் வேண்டாம். காகிதக் கோப்பையின் அடிப்பகுதியை வெட்டி எடுத்து, அதன் விளிம்பு கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் உட்காரும்படி கண்ணைத் தொடாமல் கவிழ்த்து ஒட்டுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், அதனால் சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள். மருத்துவமனையில் "இரும்பால் கல்லை அடிக்கும்போது பட்டது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இரும்பு உள்ளே இருக்கும் கண்ணுக்கு சி.டி. ஸ்கேன்தான் எடுப்போம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் காந்தம் அந்தச் சில்லை நகர்த்திவிடும்.

இரவிலும் கண் அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனை எது என்று புறப்படுவதற்கு முந்தின நாளே விசாரித்து, தொலைபேசி எண்ணைத் திட்டத்தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். கண்ணாடி வரவில்லை என்றால் சுத்தியலை வண்டியிலிருந்து இறக்க வேண்டாம்.