ஒழுகும் படகைத் தண்ணீரே அடைக்கும்

மாமாவின் பாய்ப்படகு சுண்ணாம்புக்குளத்தில் ஒரு பனைமரத்தடியில் ஒன்பது வருடம் கிடந்தது. பதினாறு அடி நீளம், முழுக்க மரம். பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கப் போய்வந்த படகு. போன மாசியில் அதைச் சரிசெய்ய இறங்கினேன். உள்ளே குனிந்து பார்த்தால் பலகை இடுக்குகள் வழியாக வெயில் கோடு கோடாக விழுந்தது. சில இடுக்கில் ஐந்து ரூபாய்க் காசு நுழைந்தது.

எனக்கு அது ஓட்டையாகத்தான் தெரிந்தது. இரண்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கலந்தால் கல்லாய் இறுகும் பசையை வாங்கி, எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டு ஏரியில் இறக்கினேன். நான்காம் நாள் மதியம் 'டக்' என்று ஒரு சத்தம். இடப்பக்கப் பலகை ஒன்று ஆணியோடு சட்டத்தை விட்டு எழும்பி நின்றது.

தடாவிலிருந்து வந்த வயதான ஆசாரி அதைக் கையால் தடவிப் பார்த்தார். "பலகை வீங்க இடம் விடலையே தம்பி. அது எங்க போகும்?" என்றார். மரப்படகின் அறிவியல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

மரம் என்பது மெல்லிய குழாய்களின் கட்டு. அதில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கும்: குழாய்க்குள் சும்மா நிற்கும் நீர், குழாயின் சுவருக்குள் ஊறியிருக்கும் நீர். காயும்போது முதலில் போவது உள்ளே நிற்கும் நீர்தான். அது போனால் எடை குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்குவது அப்போதிருந்துதான்.

எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதும் இல்லை. சுவரில் இருக்கும் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. நீர் அந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகிறது. இழையின் நீளத்தை அதனால் நீட்ட முடியாது. அதனால் நீளவாக்கில் மாற்றம் மிக மிகக் குறைவு, அகலத்தில் அதிகம். 20 செ.மீ. அகலப் பலகை 3 சதவீதம் சுருங்கினாலே 6 மி.மீ. போய்விடும். ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும் வாசல்கதவு பங்குனியில் தானாகத் தளர்வது இதனால்தான். ஆடிப்போன கட்டைவண்டிச் சக்கரத்தைக் குளத்தில் இறக்கி ஊறவைத்ததும் இதை நம்பித்தான்.

நான் போட்ட பசையோ அசையவே இல்லை. ஊறிய பலகை வீங்கி வந்து அதில் முட்டியது, விலக இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு எழும்பியது.

ஆசாரி அந்தப் பசையை முழுவதும் சுரண்டி எடுக்கச் சொன்னார். எட்டு நாள் ஆனது. அப்புறம் கலப்பத்து அடித்தோம். பருத்தி நூலைத் தளர்வாக முறுக்கி, தட்டையான உளி வைத்து, இடுக்குக்குள் சின்னச் சின்ன மடிப்பாகத் தட்டி இறக்கும் வேலை. மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய மெழுகு. பலகை வீங்கும்போது பருத்தி நசுங்கி இறுகும். காயும்போது ஓரளவு பின்வாங்கும். தண்ணீரைத் தடுப்பது மட்டுமல்ல அதன் வேலை. அலையில் படகு முறுக்கும்போது ஒரு பலகை அடுத்ததன் மேல் வழுக்கப் பார்க்கும். இறுகிய பஞ்சு அந்த வழுக்கலைப் பிடித்து நிறுத்துகிறது. கலப்பத்து போன படகு தொளதொளவென்று ஆடுவதற்குக் காரணம் இதுதான். நான் இதைத் தெரிந்துகொண்டபோது அந்த நூல்மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

உளுத்த இடம் தேடுவது தனி வேலை. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க மூழ்கிய மரத்தில் காற்று போதாது. உப்பும் பூஞ்சைக்கு ஆகாது. ஆகவே படகுக்கு எமன் ஏரித் தண்ணீர் அல்ல, உள்ளே தேங்கும் மழைத் தண்ணீர். எங்கள் படகு நிமிர்ந்தே கிடந்ததால் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் அதற்குள் நின்றது. அடியில் படகின் முதுகெலும்புபோல் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டையை ஒட்டிய மூலையில் பேனாக்கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அந்தப் பாகத்தை வெட்டி எடுத்துப் புது மரம் பொருத்தினோம்.

நீர்மட்டத்துக்குக் கீழே வேறொரு சேதம். வெளியே குண்டூசித் தலை அளவு ஓட்டை, உள்ளே விரல் நுழையும் சுரங்கம், சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. இதைச் செய்வது கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். சின்னக் குஞ்சாக நுழைந்து மரத்தைக் குடைந்துகொண்டே வளரும். மரத்தைச் செரிக்க அதன் செவுளில் வாழும் பாக்டீரியா உதவுகிறது. கரையேற்றிக் காயவைத்தால் செத்துவிடும், நல்ல தண்ணீரிலும் நீண்ட நாள் தாங்காது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. மழைக்காலத்தில் உப்பு இறங்கி, கோடையில் ஏறும். உப்பு ஏறும் மாதங்களில்தான் படகின் அடியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

இரும்பு ஆணிகளைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தது. துரு அதிக இடம் பிடித்து மரத்தைப் பிளக்கிறது. கரையும் இரும்பு மரத்தின் இழையையும் அரிக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிச் செம்பு ஆணி அடித்தோம். பாதி செம்பு, பாதி இரும்பு என்று விட்டால் உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்து பேட்டரிபோல் வேலை செய்யும், இரும்பு இன்னும் வேகமாகக் கரையும். பாய் பூசணம் பிடித்து விரலால் தொட்டாலே கிழிந்தது. புதிதாகத் தைத்தோம்.

மறுபடி இறக்கும்போது முழங்கால் ஆழத்தில் மணல்மூட்டை வைத்து, படகை வேண்டுமென்றே மூழ்கவிட்டோம். இரண்டு நாள் கழித்து மூட்டைகளை எடுத்துத் தண்ணீரை இறைத்தோம். அன்று மாலை அரை வாளி ஊறியது. மறுநாள் காலை இரண்டு சொம்பு. அதற்கு அடுத்த நாள் பலகை வெறும் ஈரமாக இருந்தது, விரலால் தடவினால் துளி சேரவில்லை. ஆசாரி துடைத்துப் பார்த்துவிட்டு, "சரி, பாயை ஏத்து" என்றார்.

இப்போது கரையேற்றினால் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். மேலே ஓலை, அதற்கு மேல் ஈரச் சாக்கு.