எடி கரண்ட்: சுழல் மின்னோட்டமா, மின்சுழியா?

மார்த்தாண்டத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருக்கும் என் தங்கை மகன் சென்ற மாதம் குறிப்பேட்டோடு வீட்டுக்கு வந்தான். ஒரு பொருளை வெட்டாமல், உடைக்காமல் அதிலுள்ள குறையைக் கண்டுபிடிக்கும் அழிவிலாச் சோதனை முறைகளைப் படிக்கிறான். குமரி மாவட்டத்து இளைஞர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் வழிகளில் இதுவும் ஒன்று. நானும் அந்த வழியில் போய் வந்தவன்தான். குறிப்பேட்டில் 'எடி கரண்ட் டெஸ்டிங்' என்று தலைப்பு எழுதி, பக்கத்தில் 'சுழல் மின்னோட்டச் சோதனை' என்று தமிழும் எழுதியிருந்தான். அதற்குக் கீழே அவனே சேர்த்த விளக்கம்: 'மோட்டார் போன்ற சுழலும் இயந்திரங்களைச் சோதிக்கும் முறை.'

விளக்கம் தவறு. எடி கரண்ட் என்பது மாறும் காந்தப்புலத்தால் உலோகத்தில் எழுந்து வட்டமிடும் மின்னோட்டம். ஆனாலும் அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'சுழல் மின்னோட்டம்' ஒரு வினைத்தொகை. சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் மின்னோட்டம் என்று விரியும். சுழல்வது என்றதும் நமக்குப் பம்பரமும் மின்விசிறியும் நினைவுக்கு வருகின்றன. முப்பந்தல் பக்கத்துக்காரர் என்றால் காற்றாலை நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு மோட்டார் பாடத்தில் 'சுழல் காந்தப்புலம்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே காந்தப்புலம் உண்மையாகவே அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் பையன் குழம்பாமல் என்ன செய்வான்? 'எடி' என்று ஒலிபெயர்த்து எழுதினால் எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தொல்லை இன்னும் கூடும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் பெண்பிள்ளையை உரிமையோடு கூப்பிடும் விளி அது. வகுப்பில் சிரிப்பு எழும், பொருள் எழாது.

மறுநாள் காலை அவனைத் திற்பரப்புக்குக் கூட்டிப் போனேன். அருவி விழும் இடத்துக்கு அல்ல. அதற்கு மேலே, கோதையாறு பாறைப் படுகையில் பரந்து ஓடும் இடத்துக்கு. தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. முழங்கால் உயரப் பாறை ஒன்று ஓட்டத்தின் நடுவே நின்றது. அதன் இருபுறமும் தண்ணீர் விரைந்து போக, பாறையின் பின்பக்கத்தில் மட்டும் திரும்பி வந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. காய்ந்த ரப்பர் இலை ஒன்று அதில் சிக்கியிருந்தது. ஆற்றோடு போகவும் இல்லை, கரை ஒதுங்கவும் இல்லை. பாறையை நோக்கி ஏறி வரும், தொட்டதும் விலகும், ஓட்டத்தின் விளிம்புவரை போகும், மறுபடி பாறைக்கே வரும். ஏழெட்டுச் சுற்று பார்த்தோம்.

"இதற்கு என்ன பெயர், மக்களே?" என்று கேட்டேன்.

"சுழி, மாமா" என்றான். யோசிக்கவே இல்லை.

எடி என்ற ஆங்கிலச் சொல் முதலில் குறித்ததும் இதைத்தான். 15ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து வழக்கில் எழுத்தில் தென்படும் சொல் அது. நீர்ச்சுழியைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல் ஒன்றோடு அதற்கு உறவு இருக்கலாம் என்று சொற்பிறப்பு அகராதிகள் கருதுகின்றன. வெறும் வட்டம் அல்ல. பெரிய ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி ஓடும் நீர் என்பது அதன் பொருள். ஜெர்மானியர்கள் இந்த மின்னோட்டத்துக்கு 'விர்பல்ஷ்ட்ரோம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'விர்பல்' என்றால் அவர்களுக்கு நீர்ச்சுழி. தலைமயிரில் இருக்கும் சுழியும் அதே 'விர்பல்'தான். இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சம் அல்ல. நம்முடைய சுழியும் அப்படியே அல்லவா நீரிலிருந்து உச்சந்தலைக்கு ஏறியிருக்கிறது! பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் உருவத்தை விட்டு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். இயற்பியலாளர் ஃபூக்கோவின் பெயரால் அவர்களுக்கு இது 'ஃபூக்கோ மின்னோட்டம்'.

தமிழில் சுழிக்கு உறவு பெரிது. ஆற்றில் சுழி, தலையில் இரட்டைச் சுழி, மாடு வாங்கும்போது பார்க்கும் சுழி, மூன்று சுழி ணகரம், இரண்டு சுழி னகரம், எழுதத் தொடங்கும்போது போடும் பிள்ளையார் சுழி. பிடிக்காததைக் கண்டால் முகம் சுழிக்கிறோம். மலையாளத்திலும் நீர்ச்சுழி 'சுழி'தான், முதல் எழுத்தின் ஒலி மட்டும் சற்று அழுத்தம். இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: நேராகப் போகவேண்டியது வளைந்து, இருந்த இடத்திலேயே மூடிக்கொள்வது. அச்சாணியில் மாட்டிய சக்கரம் சுழலும், சுழிக்காது.

இனி, உலோகத்தில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு கம்பிச் சுருளில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி உலோகத்தின் அருகே கொண்டுபோனால், சுருளின் காந்தப்புலம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறுவதால் உலோகத்தின் மேற்பரப்பில் சின்னச் சின்ன மின்னோட்டங்கள் தாமாகவே எழுந்து வட்டமிடும். கம்பி இல்லை, தொடுவதும் இல்லை. எழுந்த மின்னோட்டம் தன்னை எழுப்பிய மாற்றத்தையே எதிர்க்கும். 1834இல் இயற்பியலாளர் லென்ஸ் சொன்ன விதி இது. பாறைக்குப் பின்னால் ஆற்றுக்கு எதிராக ஏறி வந்த ரப்பர் இலையை மருமகனுக்கு நினைவூட்டினேன். இந்த விதியை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1824இல் பிரெஞ்சு அறிவியலாளர் அராகோ, சுழலும் செப்புத் தட்டு மேலே தொங்கும் காந்த ஊசியைத் தன்னோடு இழுத்துப் போவதைக் கண்டார். ஏன் என்பது 1831இல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்த பிறகே விளங்கியது. 1855இல் ஃபூக்கோ, காந்த முனைகளுக்கு நடுவே செப்புத் தட்டைச் சுழற்றுவது கடினமாவதையும் தட்டு சூடேறுவதையும் காட்டினார். 1879இல் ஹியூஸ் இதே விளைவைக் கொண்டு உலோகங்களை ஒப்பிட்டு வேறுபாடு கண்டார். தொழிற்சாலைக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஃபிரீட்ரிஷ் ஃபோர்ஸ்டர். அவர் 1948இல் ராய்ட்லிங்கனில் தொடங்கிய நிறுவனத்தின் கருவிகள் இன்றும் வேலை செய்கின்றன.

எஃகுக் குழாயைச் சோதிக்கும்போது குழாய் ஒரு சுருளுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். குழாயின் சுவரில் மின்னோட்டம் வளையம் வளையமாகச் சுற்றிவரும். வழியில் ஒரு விரிசல் குறுக்கிட்டால் அதைத் தாண்ட முடியாமல் சுற்றிக்கொண்டு போகும். அந்தச் சிறிய விலகல் சுருளின் மின்மறுப்பை, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பை, மாற்றும். கருவியின் திரையில் நடுவே நிற்கும் புள்ளி நகரும். குறையைக் காட்டிக்கொடுப்பது விரிசல் அல்ல, விரிசலால் வழிமாறிய சுழிதான். இதனால் ஒரு குருட்டுப் பகுதியும் உண்டு: மின்னோட்டம் ஓடும் திசையிலேயே, குழாயைச் சுற்றி வளையமாக விழுந்த மெல்லிய விரிசலை இந்தச் சுருள் தவறவிடக்கூடும். பக்கத்துப் பக்கத்து இடங்களை ஒப்பிடும் இரட்டைச் சுருளோ, நீளவாக்கில் ஒரே ஆழத்தில் ஓடும் விரிசலின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே காட்டும். கருவியை நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

எஃகு மற்ற உலோகங்களைப் போல எளிதில் பிடிகொடுக்காது. காந்தம் ஒட்டும் சாதாரணக் கார்பன் எஃகில் 10 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்னோட்டம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் ஆழம்வரைதான் வலுவாக இருக்கும். அதே அதிர்வெண்ணில் காந்தம் ஒட்டாத துருப்பிடிக்கா எஃகில் 4 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். அதோடு கார்பன் எஃகின் காந்தத் தன்மை இடத்துக்கு இடம் சற்று மாறுவதால், விரிசல் இல்லாத இடத்திலும் புள்ளி துள்ளும். ஆகவே நேர்திசை மின்னோட்டம் பாயும் பெரிய காந்தச் சுருளுக்குள் குழாயை வைத்து, இனிமேல் ஏற்க முடியாது என்ற அளவுக்குக் காந்தமேற்றிவிட்டுச் சோதிப்பார்கள். சோதனை முடிந்ததும் அந்தக் காந்தத்தை இறக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டே இருக்கும். உருட்டாலையில் செந்தணலாக ஓடும் கம்பிக்கு இந்தப் பாடு இல்லை. ஏறத்தாழ 770 பாகை செல்சியசுக்கு மேல் இரும்பு தன் காந்த குணத்தை இழந்துவிடும். நீர் ஓட்டிக் குளிரவைத்த சுருளுக்குள் அந்தச் சூட்டிலேயே கம்பியை விட்டுச் சோதிக்கலாம்.

வண்ணப்பூச்சைச் சுரண்டாமலே அடியிலுள்ள பற்றவைப்பைப் பார்க்க முடிவது இந்த முறையின் பெரிய வசதி. உப்புக்காற்று வீசும் எங்கள் கரையோரத்தில் ஒருமுறை சுரண்டிய இடத்தில் துரு எவ்வளவு விரைவாக ஏறும் என்பது எல்லோரும் அறிந்தது.

சின்னமுட்டத்தில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் படகின் புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டைக் கழற்றி வைத்திருந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அங்கே படகுகள் கடலுக்குப் போகா. பழுது பார்ப்பதெல்லாம் அப்போதுதான். துருப்பிடிக்கா எஃகுத் தண்டு அது. துடைத்து வைத்ததில் பளபளவென்று இருந்தது. பேனா அளவிலான சோதனைமுனையை, புரொப்பல்லரைத் தண்டோடு பிணைக்கும் சாவிக்கட்டை செருகும் காடியின் மூலையில் வைத்து மெல்ல இழுத்தேன். புள்ளி அசையாமல் நின்றது. காடியின் முனை வளையும் இடத்துக்கு வந்ததும் மேலே ஏறி, வளைந்து, நடுவைக் கடந்து கீழே இறங்கி, மறுபடி நடுவில் வந்து நின்றது. திரையில் சாய்ந்த 8 ஒன்று. திரும்ப இழுத்தேன், அதே 8. நண்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார், விரல் நகத்தால் தடவியும் பார்த்தார். "ஒன்றும் தெரியவில்லையே" என்றார். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து வெள்ளைப் பொடி தூவியபோது, மயிரிழை போலச் சிவப்புக் கோடு கசிந்து வந்தது. அவர் வேறு தண்டு வாங்கினார்.

அந்த 8 'அறிகுறி' மட்டுமே. சாயத்தில் சிவப்புக் கோடு வந்த பிறகுதான் அதை 'விரிசல்' என்றேன். இந்த வரிசையைத் தமிழிலும் காப்பது நல்லது. மேலே உரசியது கீறல். உள்ளே இறங்கியது விரிசல். வாய் பிளந்தது வெடிப்பு. பானையில் வந்தால் மேற்கே 'பொட்டிவிட்டது' என்பார்கள். உருட்டும்போது எஃகு தன்மேலேயே மடிந்து அழுந்தினால் அது மடிப்பு. புண் ஆறும்போது எழுவதுபோல மேலே ஒட்டி நிற்கும் தகடு பொருக்கு. ஆலையிலிருந்து வரும்போதே இருப்பது குறை, உழைத்து உழைத்து வந்தது பழுது. நண்பரின் தண்டில் இருந்தது பழுது.

சரி, அப்படியானால் 'சுழி மின்னோட்டம்' என்றே சொல்லிவிடலாமா? பல நாள் நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். ஒரு தடை இருக்கிறது. நம் பாடநூல்களில் சுழி என்றால் பூச்சியமும்தான். 'மின்னோட்டம் சுழி ஆகும்' என்று இயற்பியல் நூலில் வந்தால், மின்னோட்டமே இல்லை என்று பொருள். 'குறையில்லாத இடத்தில் கருவி சுழியைக் காட்டும்' என்று ஒரு பயிற்சிக் குறிப்பில் எழுதினால், படிப்பவர் எந்தச் சுழியை எடுத்துக்கொள்வார்? விரிசலைத் தேடும் வேலையில் இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. பாடநூல் எழுதியவர்கள் 'சுழல்' பக்கம் போனதற்கு இதுவே காரணமாக இருந்திருந்தால், அதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே சொல்லைத் திருப்பிப் போட்டேன்: மின்சுழி. நீர்ச்சுழி நீரால் ஆன சுழி. மின்சுழி மின்னால் ஆன சுழி. பூச்சியத்தோடு இது குழம்பாது, மோட்டாரோடும் குழம்பாது. 'மின்சாரம்' போலவே இயல்பாகச் சேருகிறது. நடுவே ஒற்று மிகவில்லை. அடுத்து வல்லினம் வந்தால் மிகும்: மின்சுழிச் சோதனை, மின்சுழிச் சுருள், மின்சுழிக் கருவி. பட்டறைச் சுவரில் எழுதவும் குறைந்த இடம் போதும்.

மருமகன் பழைய விளக்கத்தை அடித்துவிட்டு எழுதிக்கொண்டான்: 'மின்சுழிச் சோதனை: மாறும் காந்தப்புலத்தால் உலோகப் பரப்பில் சுழிகளை எழுப்பி, அவை வழிமாறும் இடத்தைக் கொண்டு குறையை அறியும் முறை.' பிறகு தேர்வில் எதை எழுதுவது என்று கேட்டான். 'சுழல் மின்னோட்டம்' என்றே எழுதி, அடைப்புக்குறிக்குள் மின்சுழி என்று போடச் சொன்னேன்.