ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை

சலக்கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறது, மருந்தால் மட்டும் சரிவராது போலிருக்கிறது என்று வைத்தியர் ஒரு பெண்ணை உளவள ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பினார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"ஆறு மணிக்குப் பிறகு தண்ணி வாயில வைக்க மாட்டன் மிஸ்."

இரவில் சலம் வந்தால் வளவின் பின்மூலையிலுள்ள கக்கூசுக்குப் போகவேண்டுமே. எப்போதிருந்து இந்தப் பழக்கம் என்று கேட்டேன். "கிறீஸ் பூதம் வந்த காலத்தில இருந்து."

அது 2011 ஆகஸ்ட். இரவில் ஒருவன் வந்து பெண்களைத் தாக்குகிறான், உடம்பெல்லாம் கிறீஸ், கையில் இரும்பு நகம், சப்பாத்தில் ஸ்பிரிங் என்று ஊருக்கு ஊர் கதை வளர்ந்தது. பத்திரிகைகள் 'மர்ம மனிதன்' என்றன. கஹவத்தைப் பக்கம் பெண்கள் அடுத்தடுத்துக் கொலையான செய்திகள் வேறு. பொத்துவிலில் கலவரம் வெடித்தது. புத்தளத்தில் பொலிஸ்காரர் ஒருவரையே கூட்டம் அடித்துக் கொன்றது. நோன்பு மாதம் அது. ஆண்கள் தறாவீஹ் என்ற இரவுத் தொழுகைக்குப் போனால் பெண்கள் நாலைந்து பேராக ஒரே வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். கிணற்றடிக் குளிப்பு பகலுக்கு மாறியது. பெட்டைப் பிள்ளைகளின் பின்னேர டியூஷன் நின்றது. பொல்லோடு காவல் நின்ற ஆண்களுக்கு அந்தக் கதை சில கிழமைகளில் முடிந்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு முடியவில்லை.

நம்மூர்ப் பூதம் யார் என்று இன்றைக்கும் கேட்பார்கள். எனக்கு அதைவிட இங்கிலாந்துக் கதை ஒன்றுதான் நினைவுக்கு வரும். யோர்க்‌ஷயர் பகுதியில் 1975 முதல் 1980 வரை பீட்டர் சட்கிளிஃப் என்பவன் 13 பெண்களைக் கொன்றான். இரவில் வெளியே போகாதீர்கள் என்று பொலிஸ் பெண்களுக்குத்தான் சொன்னது. அதில் ஆத்திரப்பட்டு 1977 நவம்பரில் லீட்ஸ் நகரப் பெண்கள் இரவிலேயே ஊர்வலம் போனார்கள். 1979-இல் யாரோ அனுப்பிய போலி ஒலிநாடாவை நம்பி, வேறு பகுதிப் பேச்சுள்ள ஒருவனைப் பொலிஸ் தேடியது. உண்மையான ஆள் மனைவியோடு குடும்பம் நடத்திய லொறிச் சாரதி. ஒன்பது தடவை விசாரித்தும் பொலிஸ் அவனை விட்டுவிட்டது.

பயம் எப்போதும் தெரியாத முகத்தைத்தான் தேடும். என்னிடம் அடிகாயத்தோடு வந்த பெண்களில் அநேகம் பேரை அடித்தவன் வேலி பாய்ந்து வந்தவனில்லை, அந்த வீட்டில் சோறு தின்றவன். அதைச் சொல்ல வெட்கம். பூதத்தைச் சொல்ல வெட்கமில்லை.

அதற்காக, "பூதமாவது மண்ணாவது" என்று சிரித்துவிடாதீர்கள். சிரித்தால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்கள். இவரோடு படிப்படியாகப் போனோம். முதல் கிழமை தங்கச்சியோடு ஏழு மணிக்கு, பிறகு தங்கச்சி குசினி வாசலில் நிற்க, அப்புறம் டோர்ச்சோடு தனியாக. பேச ஆள் வேண்டுமென்றால் 1926 மனநல உதவி இலக்கம். வீட்டுக்குள்ளேயே வன்முறை என்றால் 1938, பெண்களுக்கானது.

இப்போது எட்டு மணிக்கும் தேத்தண்ணி குடிக்கிறாராம். கக்கூசுக்கு லைட் வயர் மட்டும் இன்னும் இழுத்தபாடில்லை. அடுத்த முறை கணவரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.