எலிக்கு மனிதாபிமானமா? 'ஹியூமேன்' என்ற சொல்லைத் தமிழில் சொல்வது எப்படி

மலேசியாவில், எங்கள் தெலுக் இந்தானைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். போன பள்ளி விடுமுறையில் என் தங்கை மகள் ஓர் ஆய்வுக் குழுவோடு இங்குள்ள தோட்டமொன்றுக்கு எலி பிடிக்க வந்திருந்தாள். வைத்த கூண்டுகள் காணாமல் போகின்றன என்று கைப்பேசியில் ஏதோ மொழிபெயர்த்து, அட்டையில் எழுதி மாட்டிவிட்டாள்: 'இங்கு எலிகள் மனிதாபிமான முறையில் கையாடல் செய்யப்படுகின்றன.'

தேநீர்க் கடையில் அதைப் படித்த பாட்டி ஒருவர் என்னைப் பார்த்து, "என்னா வாத்தியாரே, எலிக்கு மனிதாபிமானமா? நாப்பது வருசம் வெளிக்காட்டு வேலை செஞ்சேன், எனக்கே யாரும் காட்டலியே!" என்றார். கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

முதலில் சின்னப் பிழையைத் தீர்த்துவிடுவோம். கையாளல் வேறு, கையாடல் வேறு. சங்கப் பணத்தைச் சுருட்டினால் அது கையாடல். எலியை எடுத்து எடை பார்ப்பது கையாளல். ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்றுக்குப் போலீஸ் வரும்.

பெரிய சிக்கல், 'ஹியூமேன்' என்பதற்கு அவள் போட்ட 'மனிதாபிமான'த்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹியூமன்', 'ஹியூமேன்' இரண்டும் ஒரே சொல்லாக இருந்தவை. மனிதனுக்குரிய என்ற பொருள்கொண்ட இலத்தீனச் சொல்லிலிருந்து வந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டுவாக்கில்தான், இரக்கமுள்ள என்ற பொருளுக்குப் பின்னது தனியாகப் பிரிந்தது. மலாயில் 'பெரிகெமானுசியாஆன்' என்கிறோமே, அதன் நடுவிலும் 'மானுசியா', அதாவது நம் மனுஷ்யன்தான் உட்கார்ந்திருக்கிறான். இரக்கத்துக்கு மனிதன் தன் பெயரையே வைத்துக்கொண்டான். மனிதனைவிட இரக்கமற்ற விலங்கு எது என்று எலியைக் கேட்டால் தெரியும்!

'அபிமானம்' வடமொழியில் செருக்கு, தன்னைப் பெரிதாக எண்ணுதல் என்ற பொருளிலும் வழங்கும். தமிழுக்கு வந்தபின் அது பற்று, பிரியம் என்று கனிந்துவிட்டது. 'அபிமான நடிகர்' என்கிறோம். ஆக மனிதாபிமானம் என்பது மனிதர்மேல் வைக்கும் பற்று. எலியை அதற்குள் நுழைத்தால் பாட்டி சிரிக்கத்தான் செய்வார். மனிதநேயம் என்று மாற்றினாலும் அதே கதைதான். நேயம், 'ஸ்நேஹம்' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். அந்தச் சொல்லுக்கு எண்ணெய் என்றும் ஒரு பொருள் உண்டு. செம்பனைத் தோட்டத்துக்குப் பொருத்தம்தான், ஆனால் நமக்கு உதவாது.

ஜீவகாருண்யம்? நல்ல சொல். ஆனால் அதைக் கேட்டதும் நமக்கு வள்ளலாரும் புலால் மறுத்தலும் அன்னதானமும் நினைவுக்கு வரும். ஆய்வில் சில வேளை விலங்கைக் கொல்லவும் நேர்கிறது. அப்படிப்பட்ட வேலைக்கு இந்தச் சொல்லைப் பூசினால் அது பொய்யாகிவிடும்.

ஆய்வாளர்கள் 'ஹியூமேன்' என்ற சொல்லால் எதைக் குறிக்கிறார்கள்? 1959இல் வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் என்ற இரு ஆங்கிலேயர் மூன்று கேள்விகளை முன்வைத்தார்கள். விலங்கே இல்லாமல் முடியுமா? குறைவான விலங்குகள் போதுமா? எடுத்த விலங்குக்கு நோவைக் குறைக்க முடியுமா? மாற்று, குறைப்பு, செம்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் கேள்விக்கு நம் நாட்டிலேயே அழகான விடை உண்டு. 1998-99இல் பன்றிப் பண்ணைகளில் பரவி நூறு பேருக்கு மேல் பலிகொண்ட நிப்பா கிருமிக்கு, நெகிரி செம்பிலான் மாநிலத்தின் கம்போங் சுங்கை நிப்பா என்ற ஊர்தான் பெயரைக் கொடுத்தது. அது பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்ததா என்று பார்க்கத் தியோமான் தீவில் என்ன செய்தார்கள் தெரியுமா? வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மேலிருந்து விழும் சிறுநீரைச் சேகரித்தார்கள். கடித்துப் போட்ட பழங்களையும் சோதித்தார்கள். இரண்டிலும் கிருமி அகப்பட்டது. அதற்காக எந்த வௌவாலையும் வலையில் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

எலிக்கு அந்த வசதி இல்லை, பிடித்தாக வேண்டும். ஒருநாள் விடியற்காலை தங்கை மகளோடு போனேன். கம்பிக் கூண்டின்மேல் மட்டை போட்டு மூடியிருந்தது. வெயில் ஏறினால் கம்பி சுடும், அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றாள். உள்ளே இரைக்கு வைத்த செம்பனைப் பழம் பாதி கடிபட்டுக் கிடந்தது. கூண்டு வாயில் துணிப்பையை மாட்டினாள். இருட்டைத் தேடி எலி தானே உள்ளே ஓடியது. பையோடு தராசில் தொங்கவிட்டாள். பிடரியைத் துணிக்கு மேலேயே பிடித்து வயிற்றைப் பார்த்தவள், "பால் கொடுக்குது மாமா, இத முதல்ல விட்டுரலாம்" என்று அதே மரத்தடியில் விட்டாள்.

இதே தோட்டத்தில் எலிக்கு வார்ஃபரின் என்ற நஞ்சுக் கட்டியும் வைக்கிறார்கள். தின்ற எலி உடனே சாகாது. உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சில நாளில் சாகும். பக்கத்திலேயே, எலியைத் தின்னும் கூகை வந்து தங்கப் பெட்டியும் கட்டியிருக்கிறார்கள். நஞ்சு தின்னும் எலிக்கும் ஆய்வுக்குப் பிடிபடும் எலிக்கும் உள்ள வேற்றுமை எலிக்குத் தெரியாது.

அன்றைக்குப் பார்க்க வந்த பாட்டிதான் சொல்லையும் கொடுத்தார். "பரவால்லையே, நோகாமப் புடிக்கிறியே!"

நோகாமல். 'நோ' என்ற ஓரெழுத்து வேரிலிருந்து நோவு, நோய், நொந்து எல்லாம் வருகின்றன. 'அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் / தந்நோய்போல் போற்றாக் கடை' என்ற குறளிலும் (315) அதே நோய்தான். 'பிறரின்' என்று சொல்லாமல் 'பிறிதின்' என்றதைக் கவனியுங்கள். பிறிது என்றால் வேறோர் உயிர். அது அஃறிணைச் சொல்; அதற்குள் எலியும் அடங்கும். ஆய்வாளர்கள் தங்கள் கூடத்தில் மாட்டவேண்டிய குறள் இது.

ஆகவே ஆய்வுக் கட்டுரையில் எழுதுவதற்கு என் பரிந்துரை: 'நோவு தவிர்க்கும் கையாளல்'. 'நோவற்ற' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இரவெல்லாம் கூண்டில் கிடந்த எலிக்கு நோவே இல்லை என்று யார் சொல்வது?

அட்டைக்கு அவ்வளவு வேண்டாம். புதிதாக எழுதிக் கொடுத்தேன்: 'எலியை நோகாமல் பிடித்து, எடை பார்த்து, இங்கேயே விடுகிறோம். கூண்டை எடுக்காதீர்கள்.' மறுநாள் கூண்டு ஒன்றும் குறையவில்லை. அட்டையைத்தான் காணோம்.